பழைய காலத்து இசக்காயாவில் உணவருந்தச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானுக்குச் செல்லும் பலர், மாலை நேரத்தில் ஏதேனும் ஒரு சந்தில் இசக்காயா என்னும் குடிவிடுதியின் வாசலில் எரியும் சிவப்புக் காகித விளக்கைப் பார்த்து நின்று, உள்ளே போகலாமா கூடாதா என்று தயங்கித் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பதாலேயே இக்கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன. பெருநிறுவனங்கள் நடத்தும் கிளைக் கடைகளை அல்லாமல், ஒரு குடும்பம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் சிறிய, பழைய கடைகளையே இவை முதன்மையாகக் கருத்தில் கொள்கின்றன.

இசக்காயா என்பது உணவகமா, மதுக்கடையா?

இரண்டின் இயல்பும் அதற்கு உண்டு என்றாலும், மதுவே முதலிடம் பெறுகிறது. உணவு அதற்குத் துணையாகச் சமைக்கப்படுகிறது. ஆகவே தட்டுகள் சிறியவை. சுவை சற்று உப்புத் தூக்கலானது. ஒவ்வொன்றும் உடனிருப்போர் பகிர்ந்துகொள்வதற்காக நடுவில் வைக்கப்படுவது. சோறும் நூடுல்ஸும் தொடக்கத்தில் வருவதில்லை. குடித்து முடிக்கும் தறுவாயில், வயிறு நிறைவதற்காகக் கேட்கப்படுகின்றன. வந்தவுடன் வேண்டிய அனைத்தையும் சொல்லிவிட்டு, உண்டு முடித்ததும் எழுந்து போவது அங்குள்ள வழக்கமன்று. ஒன்றிரண்டு தட்டுகள், சிறிது பேச்சு, மீண்டும் ஒரு தட்டு என்று மாலைப் பொழுது மெதுவாக நகர்வதற்கே அந்த இடம் அமைந்திருக்கிறது.

இந்த வழக்கம் எப்போது தோன்றியது?

1603 முதல் 1868 வரை நீடித்த தொக்குகாவா ஆட்சிக் காலத்தில், மதுவை அளந்து விற்ற கடைகளில் வாடிக்கையாளர் அங்கேயே குடிக்கத் தொடங்கியதிலிருந்து இது வளர்ந்தது. இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். பிழைப்புத் தேடி வந்த தொழிலாளிகளும், தம் பிரபுக்களுடன் தலைநகரில் தங்க நேர்ந்த சாமுராய்களும் குடும்பமின்றித் தனித்து வாழ்ந்த நகரம் அது. அவர்களுக்குச் சூடான உணவும் ஒரு கிண்ணம் மதுவும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரும் வசதியாக இருந்தது. 1596இல் தொடங்கிய தொஷிமாயா என்னும் மதுக்கடை, மிசோ என்னும் புளித்த சோயா விழுதைத் தடவிச் சுட்ட டோஃபு என்னும் சோயாப் பாற்கட்டியைக் குறைந்த விலைக்கு மதுவுடன் விற்று எடோவில் பெரும் பெயர் பெற்றது. அக்காலக் கடைகளில் மேசையும் நாற்காலியும் கிடையா. பலகையிலோ உயர்த்திய தரையிலோ அமர்ந்து, தட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு குடித்தனர். அக்காலத்தைச் சித்திரிக்கும் தொலைக்காட்சி நாடகங்களில் மேசைகளைக் காட்டுவது பிற்காலத்துக் கற்பனையாகும்.

இன்று நாம் பழமை என்று கண்டு மகிழும் தோற்றத்தின் பெரும்பகுதி அவ்வளவு தொலைவானதன்று. 1945இல் போர் முடிந்ததும், எரிந்துபோன நகரங்களின் ரயில் நிலையங்களை ஒட்டிக் கள்ளச் சந்தைகள் முளைத்தன. பங்கீட்டுக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத மாட்டுக் குடலையும் பன்றிக் குடலையும் கம்பியில் குத்திச் சுட்டு விற்ற அந்தக் கொட்டகைகளே பின்னாளில் சந்துக் கடைகளாக நிலைபெற்றன.

நினைவேக்கச் சூழல் என்று சொல்லும்போது எந்தக் காலத்தை நினைக்கிறார்கள்?

பெரும்பாலும் ஷோவா காலத்தை. அது 1926 முதல் 1989 வரை நீண்ட ஒரு பேரரசரின் ஆட்சிக் காலம் என்றாலும், மக்கள் மனத்தில் எழுவது 1950களின் பிற்பாதியும் 1960களும்தான். 1958இல் டோக்கியோ கோபுரம் எழுந்தது. 1964இல் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அந்த ஆண்டுகளில் பள்ளிப் படிப்பு முடித்த சிற்றூர்ப் பிள்ளைகள், கூட்டம் கூட்டமாகத் தனி ரயில்களில் ஏற்றப்பட்டு, டோக்கியோவின் தொழிற்கூடங்களுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். வளர்ந்து ஆளானபின் அவர்களும் மாலையில் சென்று அமர்ந்த இடங்களில் ஒன்று இசக்காயா.

இதை அறிந்துகொண்டால் அங்குள்ள உணவுப் பட்டியலின் பொருள் விளங்கும். இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சோயாவில் வேகவைத்த நிக்குஜாகா, உருளைக்கிழங்கு சாலட், கீரையை அவித்துப் பிழிந்து தாஷி என்னும் உலர்மீன் சாற்றில் ஊறவைத்த ஒஹித்தாஷி ஆகியவை எவையும் விருந்து உணவுகள் அல்ல. தாய் வீட்டில் வார நாள்களில் செய்யப்படுபவை. அந்த ஏக்கம் கடந்துபோன ஒரு காலத்தின்மீது மட்டும் கொண்டதன்று, விட்டு வந்த ஊரின்மீதும் வீட்டின்மீதும் கொண்டது. ஆகவே ஒரு கடையின் பழமையைச் சுவரில் தேடுவதைவிடத் தட்டிலும், அதைக் கொண்டுவந்து வைப்பவரின் கையிலும் தேடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

உண்மையிலேயே பழைய கடைக்கும் பழமைத் தோற்றம் கொடுக்கப்பட்ட கடைக்கும் வேறுபாடு தெரியுமா?

தெரியும், பெரும்பாலும் உள்ளே நுழைந்த சில நிமிடங்களிலேயே. பழமைபோல் அலங்கரிக்கப்பட்ட கடையில் எல்லாப் பொருள்களும் ஒரே காலத்தைச் சுட்டும்: எனாமல் விளம்பரத் தகடுகள், பியர் நிறுவனங்களின் பழைய அழகியர் சுவரொட்டிகள், ஓடாத குமிழ்த்திரைத் தொலைக்காட்சி, இடைவிடாமல் ஒலிக்கும் பழைய பாடல்கள். உண்மையான பழைய கடையில் காலங்கள் கலந்தே இருக்கும். 70 ஆண்டுகள் கைபட்டு மழுங்கிய, வாடிக்கையாளர் முன்னமர்ந்து உண்ணும் நீண்ட மரப்பலகையின்மேல் நெகிழியில் செய்த சோயாக் குப்பி நிற்கும். புகை படிந்த உத்தரத்துக்குக் கீழே புதிய குளிர்சாதனம் ஓடும். பட்டியல் சிறியதாக இருக்கும். இசை பல இடங்களில் இராது. வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பேஸ்பால் ஆட்டமோ சுமோப் போட்டியோ மெல்லக் கேட்கும்.

அலங்காரக் கடைகளைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. அங்கே விலை குறைவு, படங்களுடன் கூடிய பட்டியல் உண்டு, பெரிய குழுவும் அமரலாம். ஆனால் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், அதைப் பழைய கடைக்கே கொடுங்கள்.

எந்தக் கடைகளைப் பார்க்கலாம்?

டோக்கியோவின் காந்தாப் பகுதியில் உள்ள மிமாசுயா 1905இல் தொடங்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்துக்குப் பின் கட்டப்பட்ட அதன் கட்டடம் போர்க்காலக் குண்டுவீச்சிலிருந்து தப்பிய ஒன்று. அயிரை மீனை ஒத்த தொஜோ என்னும் சிறு மீன் சமையல் அங்கே புகழ்பெற்றது. நகோயாவின் ஃபுஷிமியில் 1907இல் தொடங்கிய தாய்ஜின் கடையில், சமைத்த சிறு தட்டுகள் ஒரு பெரிய மேசையில் அடுக்கப்பட்டிருக்கும். வேண்டியதை நாமே எடுத்து வந்து அமரலாம். ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. ஹிரோஷிமாவின் காமோத்சுரு மதுவைப் பீப்பாயிலிருந்து எடுத்துச் சூடாக்கித் தருவது அக்கடையின் பெருமை.

டோக்கியோவின் நெகிஷியில் உள்ள காகியா தனித்துக் குறிப்பிடத் தக்கது. 1856இல் மது விற்பனைக் கடையாகத் தொடங்கி, 1949 முதல் இசக்காயாவாக நடந்துவரும் அக்கடையின் பழைய கட்டடம், கோகானெய் பூங்காவில் உள்ள எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டு, 1970ஆம் ஆண்டளவில் இருந்த தோற்றத்தில் நிறுவப்பட்டிருக்கிறது. இரவில் கடைக்குள் நுழையத் துணிவு வராதவர்கள் பகலில் அங்கே சென்று, பலகையின் உயரத்தையும் மது சூடாக்கும் அடுப்பையும் சுவரில் தொங்கும் விலைப் பட்டிகளையும் நிதானமாகப் பார்க்கலாம். கடை இப்போது தைஷோ காலத்து (1912–1926) மரவீடு ஒன்றில் இயங்குகிறது. ஆண் துணையின்றிப் பெண்கள் மட்டும் வந்தால் ஏற்பதில்லை என்ற விதியை அக்கடை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வந்துள்ளது. பிற வகையில் நான் மதிக்கும் ஒரு மரபில் இந்த ஒரு விதி எனக்கு ஏற்புடையதன்று. எனினும் வாசலில் போய் நின்றபின் அறிவதைவிட முன்பே அறிந்திருப்பது நல்லது. பெரும்பாலான பழைய கடைகளில் அத்தகைய தடை எதுவும் இல்லை.

சந்துக் கடைகளுக்குச் செல்வது எப்படி?

ஷின்ஜுக்கு நிலையத்தின் மேற்கு வாயிலை ஒட்டிய ஒமொய்தே யோக்கோச்சோ மிகவும் அறியப்பட்டது. போருக்குப் பிந்தைய சந்தையிலிருந்து பிறந்த அந்தச் சந்தின் ஒரு பகுதி 1999 நவம்பரில் தீயில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. கிச்சிஜோஜியின் ஹார்மோனிக்கா யோக்கோச்சோவும், ஷிபுயாவின் நோன்பெய் யோக்கோச்சோவும் அதே காலத்துப் பிறப்புகள். அங்கே ஒரு கடையில் ஏழெட்டுப் பேர் அமர்ந்தாலே இடம் நிறைந்துவிடும். முழங்கை இடிக்காமல் அமர முடியாது. முதுகுக்குப் பின்னால் யாராவது கடந்துசென்றால் சற்று முன்னே சாய்ந்து வழிவிட வேண்டும். பயணப் பைகளுடன் அங்கே போகக் கூடாது.

இத்தகைய இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டும். மரக் கட்டடங்கள் நெருக்கமாக நிற்பதால் தீயும் நிலநடுக்கமும் உண்மையான அச்சங்களே, நடத்துபவர்களுக்கு வயதாகிறது, வாரிசுகள் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். டோக்கியோவின் கிழக்கே தாத்தெய்ஷி நிலையத்தின் வடபுறத்தில் இருந்த புகழ்பெற்ற குடிச்சந்து, மறுகட்டுமானத் திட்டத்துக்காக 2023இல் காலி செய்யப்பட்டது. ஆகவே எந்தக் கடைக்குப் புறப்படும் முன்னும் அது திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முன்பதிவு வேண்டுமா? எத்தனை பேர் செல்லலாம்?

இருவராகச் செல்வது சிறப்பு. தனியாகச் செல்வது அதைவிட எளிது. பலகையின் ஓரத்தில் ஒற்றை இருக்கை எப்போதும் கிடைக்க வாய்ப்புண்டு. தனியே குடிப்பவரை அங்கே யாரும் வியப்புடன் பார்ப்பதில்லை. நான்கு பேருக்கு மேல் என்றால் முன்பதிவு இன்றிப் போகாதீர்கள். சில பழைய கடைகள் பெரிய குழுக்களை ஏற்பதே இல்லை; இடம் இல்லை என்பது மட்டும் காரணமன்று, ஒரு மேசையின் உரத்த குரல் மற்ற எல்லாருடைய மாலையையும் கெடுத்துவிடும் என்பதும் காரணம்.

பெரும்பாலான கடைகள் மாலை 5 மணி அளவில் திறக்கின்றன. திறந்தவுடன் செல்வதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். கடை அமைதியாக இருக்கும், உரிமையாளருக்கு விளக்கிச் சொல்ல நேரம் இருக்கும், அன்று வந்த நல்ல மீன் தீர்ந்திருக்காது. அலுவலகப் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாள்களும் பெரும்பாலும் விடுமுறை.

வாசலில் நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்?

வாசலில் தொங்கும் துணித்திரைக்கு நோரென் என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுக்கப்பட்டிருந்தால் மூடிவிட்டார்கள். திரையை விலக்கிக் கதவை நகர்த்தி, அங்கேயே நின்று, எத்தனை பேர் என்பதை விரல்களால் காட்டுங்கள். காலியாக இருக்கும் இடத்தில் தாமாகப் போய் அமர்ந்துவிடக் கூடாது. அது நாள்தோறும் வரும் ஒருவரின் இருக்கையாக இருக்கலாம். தத்தாமிப் பாய் விரித்த மேடைக்கு அழைத்தால், காலணிகளைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். தரையில் அமர இயலாதவர்கள் பலகை இருக்கையைக் கேட்டுப் பெறலாம்.

அமர்ந்ததும் ஈரத் துண்டு தருவார்கள். அது கை துடைப்பதற்கு. பிறகு முதலில் பானம் என்ன என்று கேட்பார்கள். உணவை நிதானமாக யோசிக்கலாம், பானத்தை உடனே சொல்லிவிட வேண்டும். முதல் சுற்றுக்குப் பியர் கேட்பது நெடுநாள் வழக்கம்.

கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வைத்துவிட்டு அதற்குக் காசு வாங்குகிறார்களே, அது முறையா?

முறைதான். டோக்கியோப் பகுதியில் ஒத்தோஷி என்றும் ஒசாக்காப் பகுதியில் த்சுக்கிதாஷி என்றும் அழைக்கப்படும் அந்தக் கிண்ணம், இருக்கைக் கட்டணத்துக்கு ஈடானது. ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை இருப்பது வழக்கம். வேண்டாம் என்று மறுக்க இயலாத கடைகளே மிகுதி. வெளிநாட்டவர் பலர் இதனை ஏமாற்று என்று எண்ணிச் சினம் கொள்வதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. முதல் பானம் வந்து, சமையல் தொடங்கும்வரை கைக்கு ஏதேனும் வேண்டும் என்ற அக்கறையிலிருந்து வந்த ஏற்பாடு அது; நல்ல கடையில் அந்தக் கிண்ணமே அன்றைய சமையலின் தரத்தைக் காட்டிவிடும். ஒவ்வாமையோ உணவுக் கட்டுப்பாடோ உள்ளவர்கள் அமரும்போதே சொன்னால், பெரும்பாலோர் வேறொன்றை மாற்றித் தருவார்கள்.

பட்டியல் முழுவதும் ஜப்பானிய மொழியில் சுவரில் எழுதித் தொங்குகிறது. எப்படிக் கேட்பது?

நீளக் காகிதப் பட்டிகளில் தூரிகையால் எழுதியவற்றைக் கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் அடிக்கடி தவறாகப் படிக்கின்றன. அதைவிடப் பக்கத்து இருக்கைக்காரர் உண்பதைப் பணிவுடன் கைகாட்டிக் கேட்பது பயன் தரும். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள், மகிழ்வார்கள். “ஒசுசுமே வா?” என்றால் எது நன்றாக இருக்கும் என்று கேட்பதாகும். பணியாளரை அழைக்க “சுமிமாசென்” என்று சற்றுத் தெளிவாகக் குரல் கொடுங்கள். அழைக்கும்வரை அவர்கள் மேசைக்கு வரமாட்டார்கள். ஒரு முறைக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் மட்டும் கேளுங்கள். ஒருவரே சமைக்கும் கடையில் எட்டு வகைகளை ஒரே மூச்சில் சொன்னால், உங்களுக்கும் ஆறிப்போகும், மற்றவர்களுக்கும் தாமதமாகும்.

எவற்றை உண்பது?

நிக்கோமியிலிருந்து தொடங்குவேன். மாட்டுக் குடல் அல்லது பன்றிக் குடலை மிசோவிலோ சோயாவிலோ மணிக்கணக்கில் வேகவைத்து, மேலே நறுக்கிய வெங்காயத்தாளைத் தூவித் தரும் இந்தக் குழம்பு, பழைய டோக்கியோக் கடைகளின் உயிர். பெரிய அண்டாவில் அது நாள் முழுவதும் கொதித்துக்கொண்டே இருப்பதால், கேட்டவுடன் வந்துவிடும். முள்ளங்கி, டோஃபு, கொன்னியாக்கு என்னும் கிழங்குக் கூழ்க்கட்டி ஆகியவற்றைச் சில கடைகள் சேர்க்கின்றன. குடல் மட்டுமே போதும் என்று சில பிடிவாதமாக நிற்கின்றன. ஏழு வகைத் தூள்கள் கலந்த ஷிச்சிமி மிளகாய்ப் பொடியைச் சற்றுத் தாராளமாகத் தூவினால் நம் நாவுக்கு அது உடனே நெருங்கிவிடும்.

அடுத்து யாக்கித்தோரி. கரியடுப்பில் சுட்ட கோழித் துண்டுகளை உப்புடனோ இனிப்புச் சோயாச் சாறுடனோ கேட்கலாம். ஈரலுக்குச் சாறு, தோலுக்கும் இரைப்பைக்கும் உப்பு என்பது என் விருப்பம். ஓர் எச்சரிக்கை: யாக்கித்தோரி என்று எழுதியிருப்பதெல்லாம் கோழி அன்று. டோக்கியோவின் பழைய கடைகள் பலவற்றில் பன்றிக் குடலும் பிற உறுப்புகளும் அதே பெயரில் சுடப்படுகின்றன. ஹொக்காய்தோவின் முரோரானிலும், சாயித்தாமாவின் ஹிகாஷி-மாத்சுயாமாவிலும் யாக்கித்தோரி என்றாலே பன்றி இறைச்சிதான். பன்றியைத் தவிர்ப்பவர்கள் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் நிக்கோமியையும் நிக்குஜாகாவையும் விசாரியுங்கள். நிக்குஜாகாவில் மேற்கு ஜப்பானில் மாடும் கிழக்கில் பன்றியும் இடுவது வழக்கம். பச்சையாக உண்ணும் மாட்டு ஈரல் 2012இலும், பச்சைப் பன்றி இறைச்சி 2015இலும் தடைசெய்யப்பட்டுவிட்டன. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அவற்றைக் கேட்காதீர்கள்.

இவற்றுக்கு அப்பால், பருவத்துக்கேற்ற மீன் துண்டுகள், தாஷி சேர்த்துச் சுருட்டிய முட்டை, குளிர்காலத்தில் ஒதேன் என்னும், சாற்றில் மெதுவாக வேகவைக்கும் கலவையின் அண்டாவிலிருந்து எடுத்த முள்ளங்கி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கடைசியில் சுட்ட அரிசி உருண்டையோ, சோற்றின்மேல் தேநீர் ஊற்றிய ஒச்சாசுக்கேயோ கேட்டு நிறைவு செய்யலாம்.

நான் சைவ உணவு மட்டுமே உண்பவர். எனக்கு ஏதேனும் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எச்சரிக்கை வேண்டும். மீன் சேராததுபோல் தோன்றும் பல உணவுகளில் தாஷி இருக்கிறது. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய கத்சுஒ மீனிலிருந்து எடுத்த சாறு. மிசோ சூப், பொரித்த டோஃபுவின்மேல் ஊற்றும் சாறு, ஒதேன், சுருட்டிய முட்டை, அவித்த கீரை ஆகிய அனைத்திலும் அது உண்டு. உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றித் தொடைத் துணுக்குகள் கலந்திருக்கும்.

பெரும்பாலும் கேட்கத் தக்கவை: உப்பிட்டு அவித்த பச்சைச் சோயாக் காய்களான எதாமாமே, துண்டுகளாக்கிய குளிர்ந்த தக்காளி, மிசோ தொட்டுத் தின்னும் வெள்ளரிக்காய், சுட்ட கிங்கோ கொட்டைகள், உப்புடன் சுட்ட ஷிஷித்தோ மிளகாயும் ஷீத்தாக்கே காளானும், சுட்ட டோஃபு. குளிர்ந்த டோஃபுவைக் கேட்கும்போது “கத்சுஒபுஷி நாஷி தே” என்று சொன்னால், மேலே தூவும் மீன் சீவல் இல்லாமல் தருவார்கள். “நிக்கு மோ சக்கானா மோ தபேமாசென்” என்பது இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்பதைத் தெரிவிக்கும். சுடும் கம்பிவலை எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். மிகக் கண்டிப்பாக இருப்பவர்கள் வேறிடத்தில் உணவை முடித்துவிட்டு, எதாமாமேயும் ஒரு பானமும் மட்டும் கேட்டு அந்தச் சூழலை அனுபவிப்பதே மன அமைதி தரும்.

சாக்கேயைச் சூடாகக் குடிப்பதா, குளிரவைத்தா?

அரிசி மதுவான சாக்கே உயர்ந்ததென்றால் குளிரவைத்தே குடிக்க வேண்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது; பழைய இசக்காயாவில் அதை மறந்துவிடுங்கள். அங்கே மதுவைச் சூடாக்குவது ஒரு கலை. குடுவையை வெந்நீரில் இறக்கி, கையால் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தே வெப்பத்தை அறிந்து எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெப்பநிலைக்குத் தகுந்தாற்போல் பெயர்களும் உண்டு: 35 பாகை ஹித்தோஹதாகான், 40 பாகை நுருகான், 45 பாகை ஜோகான், 50 பாகை அத்சுகான். முதன்முறை செல்பவர்கள் நுருகான் கேட்பது நன்று. அந்த இளஞ்சூட்டில் அரிசியின் இனிப்பு நன்கு விரியும், மதுவின் காரம் மூக்கில் ஏறாது. “ஹியா” என்று கேட்டால் பழைய கடைகளில் சூடாக்காத, அறை வெப்பநிலையில் உள்ள மது வரும். குளிர்ந்தது வேண்டுமானால் “ரெய்ஷு” என்று கேட்க வேண்டும்.

அளவு பெரும்பாலும் ஒரு கோ, அதாவது 180 மில்லிலிட்டர். மதுவின் செறிவு 15 விழுக்காடு அளவில் இருக்கும். சில கடைகளில் மரச் சதுரப் பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து, வழியும்வரை ஊற்றுவார்கள். முதலில் குனிந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் குவளையைத் தூக்குங்கள். பெட்டியில் வழிந்ததும் உங்களுடையதே. கோஜிப் பூஞ்சையைக் கொண்டு சாக்கே வடிக்கும் மரபறிவு 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வேறு என்ன பானங்கள் உண்டு? மது அருந்தாதவர் என்ன செய்வது?

டோக்கியோவில் ஹாப்பியைச் சுவைத்துப் பாருங்கள். 1948இல் விற்பனைக்கு வந்த, 0.8 விழுக்காடு மட்டுமே மதுவுள்ள, பியரை ஒத்த பானம் அது. பியர் எட்டாத விலையில் இருந்த நாள்களில் ஷோச்சு என்னும் காய்ச்சி வடித்த மதுவுடன் கலந்து குடிக்கப்பட்டது. இன்றும் ஷோச்சு ஊற்றிய குவளையும் ஹாப்பிக் குப்பியும் தனித்தனியே வரும். குவளையில் ஷோச்சு தீர்ந்தால் “நாக்கா”, குப்பி தீர்ந்தால் “சொத்தோ” என்று கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

மது அருந்தாதவர்கள் ஊலாங் தேநீர் கேட்பது இயல்பான ஒன்று. ஆனால் எந்தப் பானமும் கேட்காமல் வெறும் தண்ணீருடன் உணவு மட்டும் உண்பது அங்கே முறையாகாது; ஆளுக்கு ஒரு பானமாவது கேளுங்கள். மது அருந்தும் சட்டப்படியான வயது 20. 2022இல் வயதுவந்தோர் வயது 18ஆகக் குறைக்கப்பட்டபோதும் இது மாற்றப்படவில்லை.

கவனிக்க வேண்டிய பழக்கவழக்கங்கள் எவை?

உடனிருப்பவர் கிண்ணத்தை நீங்கள் நிரப்புங்கள், உங்கள் கிண்ணத்தை அவர் நிரப்புவார். எல்லாருக்கும் பானம் வந்து “கன்பாய்” என்று சொல்லும்வரை குடிக்கக் காத்திருங்கள். உணவுக் குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் இறுதிச் சடங்குகளை நினைவூட்டுபவை. ஆகவே தவிர்க்க வேண்டும். படம் எடுப்பதென்றால் தட்டை மட்டும் எடுங்கள், அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பகலெல்லாம் உழைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் சிறிது நேரம் இருக்க வந்தவர். அவர் முகம் அந்நியர் படங்களில் பதிவாகக் கூடாது.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

மேசைகளும் தத்தாமி மேடையும் உள்ள கடைகளுக்கு மாலையின் தொடக்கத்தில் அழைத்துச் செல்லலாம்; சந்துக் கடைகளுக்கு வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருந்தாலும், அதற்கு முன்பே இயங்கிவந்த சிறிய கடைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அத்தகைய கடைகள் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். அங்கே 20 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோருடன் வந்தாலும் நுழைய முடியாது.

எவ்வளவு செலவாகும்? எப்படிச் செலுத்துவது?

இரண்டு மூன்று பானங்களும் நான்கைந்து தட்டுகளும் என்றால், ஆளுக்கு 3,000 முதல் 5,000 யென் வரை ஆவது வழக்கம். உள்ளே அமர்ந்து உண்பதற்கு நுகர்வு வரி 10 விழுக்காடு. அன்பளிப்புப் பணம் கொடுக்கும் பழக்கம் இல்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். பழைய கடைகள் பலவற்றில் அட்டை ஏற்கப்படுவதில்லை, ரொக்கம் வைத்திருங்கள். கணக்கைக் கேட்க “ஒகாஞ்ஜோ ஒனெகாய்ஷிமாசு” என்று சொல்ல வேண்டும். வெளியேறும்போது “கொச்சிசோசாமா” என்று சமைத்தவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கலாம்?

கூட்டமான சிறு கடையில் ஒன்றரை மணி நேரம் பொருத்தமானது. வாசலில் ஆள் காத்திருந்தால் இன்னும் விரைவில் எழுந்துவிடுவது அன்பான செயல். ஒரே கடையில் நள்ளிரவுவரை இருப்பதைவிட, இரண்டு மூன்று கடைகளில் சிறிது சிறிதாக உண்டு நகர்வது ஜப்பானியர்களுக்கும் பிடித்த பழக்கம். மூடுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகக் கடைசியாக ஏதேனும் வேண்டுமா என்று கேட்பார்கள்.

குடித்தபின் வாகனம் ஓட்டலாமா?

கூடாது. மூச்சில் ஒரு லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் மது இருந்தாலே தண்டனை உண்டு. ஓட்டுவார் என்று தெரிந்தே மது கொடுத்தவரும், உடன் பயணம் செய்தவரும் சட்டத்தின்முன் பொறுப்பாவர். 2024 நவம்பர் முதல் அதே அளவு மிதிவண்டிக்கும் பொருந்துகிறது. ஆகவே வாடகை மிதிவண்டியில் வந்தவர்கள் அதை நிலையத்திலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். டோக்கியோவில் கடைசி ரயில்கள் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டுவிடும். அதன்பின் அதிகாலை வரை வாடகைக் கார் ஒன்றே வழி. அமரும்போதே கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.